‘சற்’ மட்டும் காதில் விழவில்லை

1

என் கையெழுத்தைப் படிக்கப்போகிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. அதற்குப் பிறகு நெடுநாள் வேன் ஸ்டியரிங்கைப் பிடித்தது. இப்போது அயர்லாந்தில் ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. இதில் ‘சற்பிரசாதம்’ என்ற சொல் வேறு வரப்போகிறது. திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கை லூர்து பிழைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திய பிறகும் ஏதாவது தப்பாக இருந்தால் அது எழுத்துப் பிழையாக இருக்காது, என் புத்தியின் பிழையாக இருக்கும்.

நான் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். இங்கே மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருகிற ஒரு அம்மா அதை என் மனைவி ஜெசிந்தாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு ஆண் குரல் மூச்சிரைக்கச் சொல்கிறது: திண்டுக்கல் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் பில்லிசூனியக்காரன் ஒருவன் மாறுவேடத்தில் புகுந்து, பூசையில் நன்மையை, அதாவது சாமியார் கொடுக்கும் அப்பத்தை, கையில் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டானாம். இளைஞர்கள் பைக்கில் விரட்டிச் சுடுகாட்டில் மடக்கினார்களாம். அப்பத்தைத் தொட்டால் சுட்டதாம். இதைப் பத்து குரூப்புக்கு அனுப்பாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தச் சூனியக்காரன் என் நண்பன் முருகேசன். சின்னாளபட்டிக்காரன், என்னைப் போல வேன் ஓட்டியவன். அவனுக்குத் தெரிந்த ஒரே மந்திரம், ஸ்டெப்னி இல்லாத வேனை நிலக்கோட்டையிலிருந்து பூ வாடுவதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது. மாறுவேடம் என்பது அவன் என் மகளின் விழாவுக்காக வாங்கிக் கட்டிய புது வேட்டி.

கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் செய்தி சின்னாளபட்டிக்கும் போய்விட்டது. டீக்கடையில் அவனைப் பார்த்து ‘மந்திரவாதி வாராரு, எலுமிச்சம்பழத்த எடுத்து உள்ள வைங்கப்பா’ என்கிறார்களாம். அவன் மகனுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில், தரகரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் முருகேசன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லூர்துதான் சொன்னாள். நடந்ததை முழுக்கப் பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் அயர்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெசிந்தா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது, அவளோடு நானும் வந்தேன். இங்கே வந்து நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே ஆங்கிலம் ‘தேங்க்யூ’. இந்த ஊரில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்குத் தேங்க்யூ சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நான் வேன் ஓட்டிய காலமெல்லாம் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. இறங்குகிறவர்கள் கதவை ஓங்கிச் சாத்துவார்கள், அதுதான் மரியாதை. அதனால் இந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. கடையில், லிஃப்டில், வீசாவுக்குக் காகிதம் போதாது என்று திருப்பி அனுப்புகிற அலுவலகத்தில்கூட, எல்லாரிடமும் தேங்க்யூ.

இப்படிப் பழகிய வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நழுவிவிட்டது. இங்கே மருந்துக்கடைக்காரம்மா ஒருவரும் சாமியாரோடு நின்று நன்மை கொடுப்பார். அப்பத்தை உயர்த்தி, “பாடி ஆஃப் கிரைஸ்ட்” என்பார். ஆரம்பத்தில் அந்த ‘பாடி’யே எனக்குச் சங்கடம். நம் ஊரில் பாடி என்றால் பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் வருவது. அந்தக் குழப்பத்தில் இருந்தவனிடம் அவர் சிரித்த முகத்தோடு நீட்ட, ‘ஆமென்’ சொல்ல வேண்டிய இடத்தில் “தேங்க்யூ” என்றேன். அவரும் “யூ ஆர் வெல்கம்” என்றார். மாத்திரை வாங்கினாலும் அப்படித்தான் சொல்வார்.

அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. வரிசையில் நிற்கும்போது ஆமென், ஆமென் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். அப்பம் கைக்கு வந்ததும் தேங்க்யூ வந்துவிடும். என் மகள் ஸ்டெஃபி இதைக் கவனித்துவிட்டாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தவள், காரில் ஏறியதும், அப்பா இயேசுவைப் பஸ் டிரைவர் என்று நினைத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் அம்மாவிடம் சொன்னாள். எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னது. அவள் என்னைப் பற்றிச் சொல்வது மட்டும் எனக்கு எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. இங்கே பலர் நன்மையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இருந்த இடத்துக்குத் திரும்பாமல் அப்படியே வாசலைப் பார்த்து நடந்து காரில் ஏறிவிடுகிறார்கள். ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கியாயிற்று. என் ஒருவனுக்குத்தான் நன்றி சொல்லிவிட்டாவது இறங்குகிற பழக்கம்.

3

பிள்ளைகள் முதல்முறையாக நன்மை வாங்குவதுதான் புதுநன்மை. இங்கே அது கல்யாணம் மாதிரி. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மணப்பெண் கவுன், நீளக் கார். வீட்டுப் புல்தரையில் காற்று ஊதிய ரப்பர் கோட்டை ஒன்றை வாடகைக்கு நிறுத்தி அதில் குதிக்கவிடுகிறார்கள். காலையில் இயேசு வருகிறார், மத்தியானம் பிள்ளைகள் எகிறி எகிறிக் குதிக்கிறார்கள். இதைப் பார்த்த ஜெசிந்தா, நம் பிள்ளைக்குப் புதுநன்மை நம் ஊரில்தான், பக்தியோடு நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு இங்குள்ள கோயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. ஆபீஸ் அம்மா அரைநாள்தான் வருவார். எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை என்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. என் பெயர் சவரிமுத்து. கடைசியில் அவர் அதை இரண்டாக வெட்டி, முத்து சவரி என்று எழுதிக் கொடுத்தார். திண்டுக்கல்லில் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளையோட அப்பா நீங்கதான? அப்ப இந்த முத்து சவரி யாரு?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

ஊரில் பக்தி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நாகல் நகர் முக்கில் லூர்துவின் வீட்டுக்காரர் அந்தோணி மச்சான் ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார். அதில் ஸ்டெஃபி சின்னதாக இருந்தாள். மச்சான் கூலிங் கிளாசோடு பெரிதாக இருந்தார். மேலே மூலையில் இயேசு, எம்.எல்.ஏ. வழக்கமாக இருக்கிற வட்டத்துக்குள் இருந்தார். ரப்பர் கோட்டை மட்டும்தான் இல்லை. மச்சானுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருந்தால் மதுரையிலிருந்து வரவழைத்திருப்பார்.

4

பூசையன்று முருகேசன் காலையிலேயே வந்துவிட்டான். ஸ்டெஃபிக்காக நிலக்கோட்டை மல்லிகையில் ஒரு மாலையை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தான். முன்வரிசை நாற்காலிகளில் மச்சானின் ஆட்கள் இருந்தார்கள். நானும் அவனும் கடைசித் தூண் ஓரத்தில் உட்கார்ந்தோம். எனக்கு எப்போதும் அந்த இடம்தான் தோது.

ஸ்டெஃபி நன்மை வாங்கும் நேரம் வந்தது. வீடியோக்காரர் பீடத்துப் படியிலேயே ஏறி நின்றார். அவள் வாங்கித் திரும்பியதும், “பாப்பா, செத்த நேரம் அப்படியே நில்லு. ஃபாதர், கை மறைச்சிருச்சு, இன்னொருவாட்டி குடுக்கிற மாதிரி வச்சுக்கலாமா?” என்றார். சாமியார் அவரை முறைத்தார். ஆனால் முறைத்த முகம் வீடியோவில் வரக் கூடாது என்பதற்காகவோ என்னவோ உடனே சாந்தமாகிவிட்டார்.

பிறகு பெரியவர்கள் வரிசை. பாடகர் குழுவில் ஒரு தம்பி ரிதம் பேடு வாசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் முருகேசன் என் காதருகே வந்து கேட்டான்.

“என்னலே குடுக்குறாய்ங்க?”

நன்மை என்று சொன்னால் அவனுக்குப் புரியாது என்று நினைத்தேன். நற்கருணை என்பதும் புரியாது. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த பழைய வார்த்தை ஒன்று வாய்க்கு வந்தது.

“சற்பிரசாதம்லே.”

‘சற்’ சொன்ன நேரம் அந்தத் தம்பி பேடை ஓங்கி அடித்தார். முருகேசன் காதில் மீதிதான் விழுந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நான் எழுந்து வரிசையில் போனேன். அவன் என் பின்னாலேயே வந்தது எனக்குத் தெரியாது. நன்மை வாங்கும்போது பின்னால் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் கவனமெல்லாம் ஆமென் மேல் இருந்தது. அன்றைக்கும் தேங்க்யூதான் வந்தது. சொந்த ஊரில், தமிழ்ப் பூசையில். சாமியார் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, வெளிநாடு என்று புரிந்துகொண்டவர் மாதிரி தலையசைத்தார்.

திரும்பி வந்து முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். திறந்தபோது முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு திருப்தி. பூசை முடிந்ததும், பார்வதிக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல், சாப்பாட்டுக்கு இருக்க முடியாது, இன்னொரு நாள் வாரேன் என்று சொல்லி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். பார்வதி அவன் மனைவி. வீட்டில் தறி நெய்கிறாள்.

5

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் ஒரு பெரிய எல்.இ.டி. திரை வைத்து, காலையில் எடுத்த வீடியோவை அப்போதே ஓடவிட்டிருந்தார். எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே பூசை பார்த்தார்கள். திரையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எனக்கு எதிரில் இருந்தவர் எலும்பைக் கடித்துக்கொண்டே இன்னொரு கையால் சிலுவை போட்டார்.

அப்போது திரையில் முருகேசன் வந்தான். நெற்றியில் குங்குமம். வலது கையை இடது கை தாங்க, குனிந்து வாங்கினான். சாமியார் முகம் அதற்குள் அடுத்தவரிடம் திரும்பிவிட்டது. முருகேசன் ஓரமாக நகர்ந்து, அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். மாலை பொதிந்து வந்த வாழையிலையில் ஒரு துண்டைக் கிழித்து அதில் வைத்து மடித்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையின் மேல் கையை வைத்தபடி நடந்து வந்தான். வீடியோக்காரர் இதை மட்டும் எந்தக் கையும் மறைக்காமல் தெளிவாக எடுத்திருந்தார்.

நன்மையை வாங்கிய இடத்திலேயே உட்கொள்ள வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. பந்தி ஸ்தம்பித்தது. மச்சான் எச்சில் கையோடு எழுந்தார். நம் மதத்தில் கை வைத்துவிட்டான், பைக்கை எடுங்கடா, இப்பவே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவோம் என்றார். அவரோடு சில பேர் எழுந்தார்கள். அவர்களில் ஒருவர் பூசையில் வாசல் பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தவர். முழங்கால் போடாதவர்களுக்குத்தான் அன்றைக்குக் கோபம் அதிகம்.

நான்கைந்து பைக் சின்னாளபட்டித் தறித் தெருவில் போய் ஒருவன் வீட்டுக்குள் நுழைந்தால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. முருகேசன் மானம் போகும். அங்கே என்ன செய்து வைத்திருக்கிறானோ, நன்மைக்கும் அவமரியாதை ஆகும். இரண்டில் எது எனக்குப் பெரிது என்று யோசிக்க நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பந்தியில் எழுந்து நின்று, “நான் போறேன். அவன் என் சேக்காளி. வேற யாரும் வர வேணாம்” என்றேன்.

சாமியார் நல்லவேளையாக என் பக்கம் பேசினார். அவருக்கு அடுத்து ஒரு கல்யாணப் பூசை இருந்தது. மச்சானை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், “சாப்பிட்டுட்டானா விட்டுரு. வச்சிருந்தான்னா நீயே அங்க பக்தியா உட்கொண்டுரு. பஸ்ஸுல கொண்டுக்கிட்டு அலையாத. சண்டை கூடாது” என்றார். பிறகு என் இலையைப் பார்த்தார். “ஒரு மணி நேரம் ஒண்ணும் தின்னாம இருந்துட்டு.”

ஸ்டெஃபி வெள்ளைக் கவுனும் முக்காடுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோ எடுத்து அலுத்துவிட்டாள். லூர்து பழக்கத்தில் ஒரு பிரியாணி பொட்டலத்தை என் கையில் திணித்தாள். சூனியக்காரனை விரட்டிப்போன இளைஞர் படை என்பது இதுதான்: ஒரு ஆட்டோ, நான், என் மகள், ஒரு பொட்டலம்.

6

பார்வதி வாசலிலேயே மறித்தாள். “அண்ணே, அதுல கறியா? வீட்டுல சாமி இருக்கு, வெளியவே வச்சிருங்க.”

பொட்டலத்தை கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே போனோம். சாமி அலமாரி துடைத்துச் சுத்தமாக இருந்தது. பழனி முருகன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை, வெற்றிலை மேல் அந்த அப்பம். பக்கத்தில் விளக்கு எரிந்தது. பார்வதி அதை இன்னும் சாப்பிடவில்லை. காலையில் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டாளாம். கவுச்சி வாயோடு தொடக் கூடாது, நாளைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். காய்ச்சலோடு எழுந்து வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறாள்.

எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அயர்லாந்து மழையைப் பற்றிப் பேசினேன். தறியைப் பற்றிக் கேட்டேன். முருகேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னேன், அதை வெளியே கொண்டுவரக் கூடாது என்று.

அவன் முகம் சுண்டிப்போனது. “நான் தொட்டதுல தீட்டாயிருச்சாலே?”

“ஐயோ, அதில்லலே. அது பிரசாதம் இல்ல. எங்களுக்கு அது சாமியேதான்.”

“பிரசாதம்னுதானலே சொன்ன?”

“சற்பிரசாதம்னு சொன்னேன்.”

“‘சற்’ எங்கலே போச்சு?”

“பேடு அடிச்ச சத்தத்துல போயிருச்சு.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டான். “சாமியவா சட்டப்பையில போட்டு டவுன் பஸ்ஸுல கொண்டாந்தேன்? நீ சொல்லியிருக்கலாம்லலே. அந்தச் சாமியாராச்சும் சொல்லியிருக்கலாம். டிக்கெட் கிழிக்கிற மாதிரி வெரசாக் குடுத்தாரு, நானும் பிரசாதந்தான்னு நெனச்சேன்.”

சாமியார் சொன்னதை அவர்களிடம் சொன்னேன். நான் இங்கேயே அதை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் ஒரு மணி நேரம் போக வேண்டும் என்று. பார்வதி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எதுக்கு ஒரு மணி நேரம்?”

“நான்... சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.”

“நெத்திலி தின்ன வாயின்னு நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பிரியாணி இருக்குற வயித்துல சாமிய எந்தப் பக்கம்ணே வைப்பீங்க?”

அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

உட்கார்ந்திருந்தோம். அவர்கள் வீட்டில் மத்தியானச் சோறும் வெஞ்சனமும் மூடி வைத்தபடி இருந்தது. நான் சாப்பிடாமல் இருக்கும்போது அவர்கள் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று இருவரும் காத்திருந்தார்கள். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முருகேசன், இதுக்கு என்னலே அர்த்தம் என்று கேட்டான். படித்தவர்கள் எப்படிச் சொல்வார்களோ தெரியாது. சாகிறதுக்கு முந்தின ராத்திரி, கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது இயேசு ரொட்டியை எடுத்து, இது என் உடல், சாப்பிடுங்கள் என்று தன்னையே கொடுத்துவிட்டார். காட்டிக் கொடுக்கப்போகிறவனும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

“வாங்கும்போது நீங்கள்லாம் ஏதோ சொன்னீங்களே?”

“ஆமென். ஆமா, அப்படித்தான்னு அர்த்தம்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தேங்க்யூ என்றால் வாங்கியாயிற்று, இறங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆமென் என்றால் ஆமாம், ஏறிவிட்டேன், இனி நீ போகிற இடத்துக்கு நானும் வருகிறேன் என்று அர்த்தம். நான் இத்தனை வருஷமாகப் படியிலேயே நின்று பயணம் செய்திருக்கிறேன்.

நேரம் ஆனதும் முழந்தாளிட்டேன். முருகேசன் கையைக் கழுவிவிட்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் எடுத்தான். இனி அதை விரலால் தொட மாட்டேன் என்றான். ஸ்டெஃபியும் என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். யாரும் சொல்லவில்லை. கவுன் மடிப்புக் கலைந்துவிடும் என்று காலையிலிருந்து உட்காரக்கூட மறுத்தவள். என் சட்டையை இழுத்துக் காதோடு சொன்னாள்: “அப்பா, ஆமென் சொல்லணும். தேங்க்யூ இல்ல.”

முருகேசன் தட்டை நீட்டினான். “இந்தா அப்பு, சாமி.”

“ஆமென்” என்றேன்.

அது தானாக வந்தது. எனக்குப் பின்னால் பார்வதியும், சொல்ல வேண்டும்போல என்று நினைத்து, ஆமென் என்றாள். பிறகு அவள் தட்டில் தண்ணீர் ஊற்றித் தந்தாள். அதையும் குடித்தேன். அப்புறம் நாலு பேரும் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். ஸ்டெஃபி நெத்திலிக் குழம்பை வெள்ளைக் கவுனில் சிந்திக்கொண்டாள். கேட்டில் மாட்டியிருந்த பிரியாணியை ஒரு நாய் முடித்துவிட்டிருந்தது.

7

நடந்தது இவ்வளவுதான். சுடுகாடு இல்லை, பைக் இல்லை, அப்பம் சுடவும் இல்லை. முருகேசன் எதையும் திருடவில்லை. கொடுத்ததை வாங்கினான், காய்ச்சலில் கிடந்த மனைவிக்குக் கொண்டுபோனான். பெண் வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், சாமியை அவன் வீட்டில் எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்த ஆள் நான் ஒருவன் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும். கேட்டால் போனிலும் சொல்வேன். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்வேன்.

இங்கே நான் இப்போது ஆமென்தான் சொல்கிறேன். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு அது முதலில் ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன். இன்றைக்கு அவர் தவறுதலாக “யூ ஆர் வெல்கம்” என்றார். பின்னால் ஸ்டெஃபி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஆமெனைச் சொன்னது கேட்டது. இருவரும் இடத்துக்குத் திரும்பி, பூசை முடிகிறவரை இருந்தோம்.

அந்த வாய்ஸ் மெசேஜின் கடைசியில் அந்த ஆண் குரல் ஒரு கேள்வி கேட்கிறது: அந்த நன்மை இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். எனக்குள்தான் போனது. சின்னாளபட்டியில் அது இருந்தவரை, துடைத்த அலமாரியில் விளக்கு எரிய இருந்தது. இப்போது அது இருக்கிற இடத்தை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டால்தான், எனக்குப் பேச்சு வராது.

எழுதி முடித்தது: நற்கருணைப் பெருவிழா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.